சிதைந்த முதற்பதிப்பின் பெறுமதி

பழைய புத்தகம் ஒன்று அகப்பட்டால் நம்மவரிற் சிலர் அதனைக் குப்பையென எறிவர். வேறு சிலர் புதையல் கிடைத்ததென மகிழ்வர். இரு சாராரும் அதனைத் திறந்து பார்ப்பதில்லை. சிதைந்த முதற்பதிப்பு ஒன்றின் பெறுமதியை அறிவது எங்ஙனம் என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

கோப்பாயில் எமக்கு அறிமுகமான ஆச்சி ஒருவர், சென்ற விடுமுறையின்போது தகரப்பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்துத் தந்தார். அட்டை இல்லை, முகப்புத்தாள் இல்லை, முதற் சில பக்கங்களும் இல்லை. ஓரங்களை இராமபாணப்பூச்சி துளைத்திருந்தது. “தம்பியவை, இது கச்சான் சுத்துற கடதாசியோ, காசு பெறுமோ? வெளிநாட்டிலை இருக்கிற பேரன் விக்கச் சொல்லுறான்” என்றார். கூரை திருத்தப் பணம் தேவைப்பட்ட காலம் அது.

பெயரறியா நூலைப் பெயரறிதலே முதற் கடமை. கண்மணி, அருளப்பா என்னும் பாத்திரங்களைக் கண்டதும் அது மங்களநாயகம் தம்பையா எழுதிய ‘நொறுங்குண்ட இருதயம்’ என அறிந்தோம். மிஷன் பாடசாலையில் 51ஆம் சங்கீதத்தை மனனஞ் செய்த எமக்கு அத்தலைப்பின் ஊற்றும் விளங்கிற்று.

இந்நூலின் இடம் யாது? தமிழில் முதல் நாவலெனப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது 1879இல். ஆறாண்டுகளில், 1885இல், ஈழத்தவரான சித்திலெவ்வையின் அசன்பேயுடைய கதை வெளிவந்தது. திருக்கோணமலை தந்த சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இல் சென்னையில் அச்சேறியது. இவற்றின் கதைகள் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நடப்பவை. 1914இல் வெளிவந்த நொறுங்குண்ட இருதயமோ யாழ்ப்பாணத்துக் குடும்பவாழ்வையே பொருளாகக் கொண்டது. அதன் ஆசிரியை ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியர் எனப் போற்றப்படுபவர். கிறிஸ்தவச் சூழலில் எழுந்த நூலாயினும் அதிற் காணும் வீடும் ஒழுங்கையும் கண்ணீரும் நம் எல்லோருக்கும் உரியவை.

அடுத்து, இது முதற்பதிப்பா? கடைசித் தாளில் ஆச்சியின் தாயார் மையினால் தம் பெயரையும் 1916 என்ற ஆண்டையும் எழுதியிருந்தார். நூல் வெளிவந்து ஈராண்டுக்குள் எழுதியது. இது நல்ல சான்றேயாயினும் முடிந்த முடிபன்று. ஐயமற்ற முதற்பதிப்புப் பிரதியோடு பக்க எண்களையும் வரி முடிவுகளையும் ஒப்பிட்ட பின்னரே உறுதி கூறலாம்.

சந்தை விலை வேறு, பெறுமதி வேறு. சேகரிப்போர் முதலில் வினாவுவது நூல் முழுமையானதா என்பதே. முகப்புத்தாள் இழந்த நாவலுக்கு விலை பெரிதும் குறையும். ஓரத்தை வெட்டிப் புதிதாய்க் கட்டினாலும், பசைநாடா ஒட்டினாலும் இன்னுங் குறையும். ஆனால் பிரதிகள் அருகியவிடத்துச் சிதைந்ததும் சான்றாகும். சேக்ஸ்பியரின் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் இன்று எஞ்சியவை 230க்குச் சற்று மேற்பட்ட பிரதிகளே. பிரான்சின் சென்-ஓமேர் நூலகத்திலே முகப்புத்தாளும் வேறு பல பக்கங்களும் இழந்த பிரதியொன்று, பிற்காலப் பதிப்பெனத் தவறாகப் பதியப்பட்டுக் கிடந்தது. 2014இல் உண்மை தெரிந்தபோது அறிஞருலகம் அதனைக் கொண்டாடிற்று.

அவ்வளவு தூரம் செல்வானேன்? எமது அயற்கிராமமாகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியன்றோ 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார்! ஓர் ஏட்டில் அழிந்தது மற்றோர் ஏட்டில் இருந்தது. குறையேடு என்று எறிந்திருந்தால் நூலே குறைப்பட்டிருக்கும்.

1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது வீட்டு நூல்கள் எத்தனையோ அழிந்தன. இந்நூலோ ஆச்சியின் தகரப்பெட்டியில் உடுபுடவைகளுக்கிடையே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சென்று மீண்டது.

ஆகவே ஆச்சிக்கு உள்ளதை உள்ளபடி சொன்னோம்: “ஆச்சி, கூரை வேயும் அளவுக்கு இது விலைபோகாது. ஆனால் எறியவுங் கூடாது.” அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், “அப்ப அம்மாவின்ரை கையெழுத்தாவது கிடக்கட்டும்” என்றார். அவர் இசைவோடு ஒவ்வொரு தாளையும் படமெடுத்துப் பக்க ஒழுங்கில் வைத்தோம். ஒட்டவுமில்லை, வெட்டவுமில்லை; சுத்தமான வெண்டுணியிற் சுற்றிக் கொடுத்தோம். கூரைக்கு வேறு வழி தேடவேண்டியிருந்தது, அதனை மறைப்பதற்கில்லை.

இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டகத்திலும் இத்தகைய நூல்கள் கிடக்கக்கூடும். விற்பதோ வைத்திருப்பதோ உரியவர் விருப்பம். விற்குமுன் பெயரறியுங்கள், தாளெண்ணுங்கள், படமெடுத்து நூலகம் ஒன்றிற் சேருங்கள். பெறுமதி அறியாது இழப்பதே பேரிழப்பு.