கேமரன் மலைத் தேயிலையும் நம்மவர் கடைத் தேநீரும்

நம் சங்கக் குடும்பங்கள் கூடும் இடத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பயணத்தில் வந்து நிற்கும். பார்த்த இடங்களிலேயே அழகானது எது என்று கேட்டால் பெரியவர்கள் தயங்காமல் மக்காவையும் மதீனாவையும் சொல்வார்கள். அவற்றோடு வேறு எந்த ஊரையும் வைத்துப் பேச முடியாது. அடுத்தது எது என்றால் இளையவர்கள் இஸ்தான்புல் என்பார்கள், காஷ்மீர் என்பார்கள். ஆனால் நம் வீடுகளில் உள்ள பழைய ஆல்பத்தைத் திறந்தால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரவல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குடும்பமாக நிற்கும் படம் ஒன்றாவது இருக்கும். விமானச் சீட்டு வாங்க வசதியில்லாத காலத்திலும் நமக்கு எட்டிய குளிர்தேசம் கேமரன் மலைதான்.

வியாபார விஷயமாகவும் குடும்பத்தோடும் நான் பலமுறை அங்கே போயிருக்கிறேன். ஒருமுறை சுங்கை பாலாஸ் தோட்டத்தில், சரிவுக்கு வெளியே நீட்டிக் கட்டியிருக்கும் தேநீர் மாடத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மகள், "இவ்வளவு செடியையும் யார் அத்தா நட்டது?" என்று கேட்டாள். கம்பெனியின் பெயரைச் சொன்னேன். "கம்பெனின்னா யாரு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு படித்தும் பெரியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இந்தப் பொன்விழா மலரில் எழுதுகிறேன்.

வரைபடத்தில் இல்லாத மலை

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய அரசாங்க நில அளவையாளர் பகாங், பேராக் எல்லையிலுள்ள மலைக்காட்டை அளக்கப் புறப்பட்டார். உயர்ந்த சிகரங்களுக்கு நடுவே மென்மையான சரிவுகளோடு ஒரு பீடபூமி இருப்பதாக அவர் அறிக்கை தந்தார். ஆனால் அது இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் வரைபடத்தை அவர் விட்டுச் செல்லவில்லை என்று சொல்லப்படுகிறது. மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. அங்கே போகும் வழி மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு யாருக்கும் பயன்படவில்லை. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த செமாய் முதலிய பூர்வகுடி மக்களுக்கு அந்த மலை எப்போதும் தெரிந்த மலைதான் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

1925இல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் தலைமைச் செயலாளராக இருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் சென்று பார்த்தார். இந்தியாவில் உதகமண்டலமும் இலங்கையில் நுவரெலியாவும் இருப்பதுபோல மலாயாவிலும் வெள்ளையர்கள் வெயிலுக்கு ஒதுங்க ஒரு மலைநகரம் வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. தானா ராத்தாவில் விவசாயப் பரிசோதனை நிலையம் வந்தது. அங்கே பயிரிட்டுப் பார்த்தவற்றுள் தேயிலையும் ஒன்று.

அறுபது கிலோமீட்டர் பாதை

மலை பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் ஏறும் வழி பேராக்கிலுள்ள தாப்பாவிலிருந்துதான் போடப்பட்டது. 1928இல் வேலை தொடங்கி 1931இல் பாதை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். இன்று காரில் போகும்போது நம் பிள்ளைகள் வளைவுகளை எண்ணத் தொடங்கி, பாதி வழியில் வாந்தி எடுக்கிறார்களே, அதே பாதைதான். அன்று மண்சரிவிலும் இடைவிடாத மழையிலும் மலேரியாக் காய்ச்சலிலும் மனிதர்கள் பாறையை உடைத்து அதைப் போட்டார்கள். நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது சாலைச் சரிவைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தார்கள். கணக்குப் போடுவது சுலபம். அந்தச் சரிவில் மண்வெட்டியோடு நின்றவர்களின் பெயர்களை எந்த நூலிலும் நான் பார்க்கவில்லை.

தேயிலை வந்த கதை

ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் சிறுவனாக 1890இல் மலாயாவுக்கு வந்து இங்கேயே வளர்ந்தவர். ஈயம், ரப்பர் என்று பல தொழில்களில் இருந்தவர். உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய 1929இல், இலங்கையில் தேயிலைத் தோட்ட அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் தேயிலைக்கு உள்நாட்டிலேயே சந்தை உண்டு என்று அவர் கணித்தார். வியாபாரி என்ற முறையில் அந்தத் துணிச்சல் என்னை வியக்க வைக்கிறது. 1933இல் ரஸ்ஸல் இறந்துவிட்டார். தோட்டம் நிலைத்து அவர் குடும்பத்திடமே இன்றும் இருக்கிறது. அதே 1933இல் இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தார் தொடங்கியது பாரத் தேயிலைத் தோட்டம். தானா ராத்தாவுக்கும் ரிங்லெட்டுக்கும் இடையே சாலையோரம் நாம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் பள்ளத்தாக்கு அவர்களுடையது.

போ என்ற பெயர் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்து வூயி மலையின் பெயரிலிருந்து வந்தது. தேயிலை என்ற நம் சொல்லிலும் அந்தக் கடற்கரையின் வாசனை உண்டு. ஹொக்கியன் மக்கள் 'தே' என்றார்கள். நாம் அதோடு 'இலை'யைச் சேர்த்துக்கொண்டோம். மலாய்க்காரர்களுக்கும் அது 'தே'தான். தரைவழியாகப் பரவிய இடங்களில் அதுவே 'சாய்' ஆயிற்று. மலபாரில் 'சாயா' என்கிறார்கள்.

காட்டை அழித்துக் கன்று நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கங்காணிகள் வழியாகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றி, பினாங்கு ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்து, பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பிய காலம் அது. 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை இப்படி அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் மலையில் லயங்கள் எழுந்திருந்தன. லயத்தை ஒட்டிக் கோவில் வந்தது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் வந்தன. சமவெளி வெயிலில் பிறந்தவர்கள் அந்தக் குளிரில் விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நின்றதை நினைத்துப் பாருங்கள். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் வெப்பம் 7.8 டிகிரிக்கு இறங்கியது. இந்நாட்டில் பதிவானவற்றில் அதுவே மிகக் குறைவு. நாம் அந்தக் குளிரை அனுபவிக்கப் போகிறோம். அவர்கள் ஈரச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு அதில் வேலை செய்தார்கள்.

இரண்டு இலையும் ஒரு மொட்டும்

தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் போலத் தெரிவது உண்மையில் ஓயாத வெட்டு வேலை. தேயிலை தன்னிச்சையாக வளர்ந்தால் பெரிய மரமாகிவிடும். இடுப்பளவில் கவாத்து செய்து, அதன் தலையைச் சமமாக வைத்திருப்பதால்தான் கொழுந்து கைக்கு எட்டுகிறது. நாம் ரசிக்கும் அழகு, கொழுந்து பறிப்பவர் கையின் உயரத்துக்கு அளந்து வெட்டிய அழகு. ஒழுங்காகப் பராமரித்தால் ஒரு செடி நூறாண்டு வரைகூடப் பலன் தரும்.

நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ள வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். கூடையில் சேர்ந்த பச்சை இலையைத் தொழிற்சாலையில் காற்றில் வாட்டி, உருளை இயந்திரத்தில் கசக்கி, காற்றுப்பட வைத்துச் செம்பு நிறமாக்கி, உலர்த்தி, சல்லடையில் தரம் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை இலை ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குகிறது. பெரிய இலைத் தரங்கள் அழகான பெட்டிக்குப் போகும். சல்லடையின் அடியில் இறங்கும் தூளுக்குத்தான் நிறமும் கடுப்பும் அதிகம். அந்தத் தூள்தான் நம் கதைக்குள் வருகிறது.

நம்மவர் பங்கு

அந்நாளில் ரஜூலா போன்ற கப்பல்களில் தோட்டத்துக்குப் போனவர்களும் கடைக்குப் போனவர்களும் ஒரே தளத்தில்தான் பாய் விரித்தார்கள். கூத்தாநல்லூர், பனைக்குளம், கடையநல்லூர் என்று பல ஊர்களிலிருந்து நம்மவர்கள் சபராளிகளாக வந்தார்கள். உறவினர் கடை ஒன்று காத்திருந்ததால் நம் பாதை வேறாக அமைந்தது. ஆனாலும் தோட்டத்தை நம்பியே பலருடைய வியாபாரம் நடந்தது. தோட்டத்து மக்கள் குடித்த தேநீரையும் நம்மவர்கள் ஆற்றினார்கள். விலை குறைந்த தேயிலைத் தூளைத் துணிப்பையில் வடித்து, கெட்டிப்பால் சேர்த்து, உயரத் தூக்கி இழுத்து ஊற்றினார்கள். ஒட்டுக்கடையில் பிறந்த அந்தத் தே தாரிக் இன்று நாட்டின் அடையாளம். நாசி லெமாக், ரொட்டி சானாய் ஆகியவற்றோடு மலேசியக் காலை உணவுப் பண்பாடு 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில் கொழுந்து கிள்ளியவருக்கும் பங்கு உண்டு.

என் பாட்டனார் தாப்பா பக்கத்துத் தோட்டங்களில் சைக்கிளில் துணியும் மளிகையும் கடனுக்கு விற்றவர். சம்பள நாளன்று வசூல். எல்லாக் கடைக்காரர்களும் நியாயமான விலைக்குத்தான் விற்றார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கடன் நோட்டு சில குடும்பங்களைக் கட்டிப்போட்டதும் உண்மை. அவருடைய நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பெயர்களும் தொகைகளும் தமிழில். ஓரக் குறிப்புகள் அரபுத்தமிழில். எங்களுக்குப் படிக்கத் தெரியாததால் வயதான ஓர் உஸ்தாதிடம் காட்டினோம். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டு ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குத் திரும்பிய காலத்துப் பக்கங்கள் அவை. பல பெயர்கள் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரே வாசகம்: 'ஊர் போனார், கணக்கு முடிந்தது.' உஸ்தாத் வாசித்து முடித்ததும் என் அத்தா வெகுநேரம் பேசவில்லை. எத்தனையோ வெள்ளி அதில் போயிருக்கிறது. ஆனால் பிறந்த நாட்டை விட்டுப் போனவர்கள் இழந்ததற்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்று பாட்டனாருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய மலை

இன்று போ நிறுவனத்தின் தோட்டங்கள் மட்டும் சிலாங்கூரில் உள்ளதையும் சேர்த்துச் சுமார் 1,200 ஹெக்டேர். ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் கிலோ தேயிலை. கொழுந்து கிள்ளுவோரில் பலர் இப்போது பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகள் படித்து நகரங்களுக்கு இறங்கிவிட்டார்கள். அது நல்ல செய்திதான். லயத்தில் மிஞ்சியிருக்கும் முதியவர்களோடு அந்த வரலாறும் போய்விடுமோ என்பதுதான் கவலை.

மலையும் களைத்திருக்கிறது. காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் சரிவுகளை மூடுகின்றன. வெட்டிய மண் ஆற்றில் இறங்குகிறது. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் வண்டல் சேர்ந்துகொண்டே போகிறது. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. மலிவாகக் கிடைக்கும் கோசும் தக்காளியும் நம் கடைகளுக்கும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆகவே இது வேறு யாரோ ஒருவருடைய பிரச்சினை என்று நாம் ஒதுங்க முடியாது.

பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி திருக்குர்ஆன் நம்மைத் தூண்டுகிறது. பார்ப்பது என்பது படம் எடுப்பதோடு முடிவதில்லை என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். நம் சங்கத்தின் அடுத்த குடும்பச் சுற்றுலா கேமரன் மலைக்கு அமையுமானால், ஸ்ட்ராபெரிப் பண்ணைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் லயத்துப் பெரியவர்களோடு பிள்ளைகளை உட்கார வைப்போம். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து சங்கத்தில் பாதுகாப்போம். அதேபோல நம் வீடுகளில் உறங்கும் கணக்கு நோட்டுகள், கப்பல் சீட்டுகள், கடிதங்களையும் எடுத்து வைப்போம். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த உஸ்தாதுகள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

என் மகளுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். "நம் பாட்டனாரோடு அதே கப்பலில் வந்தவர்கள் நட்டார்கள்" என்றேன். "அப்படின்னா நமக்குச் சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த மலையில் உழைத்துப் பெயர் தெரியாமல் போனவர்கள் அனைவரையும் இந்தப் பொன்விழா நேரத்தில் நன்றியோடு நினைப்போம். நம் ரிஸ்கில் அவர்கள் கை பட்டிருக்கிறது. அந்த நன்றியை மறக்காத சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்கி வைப்பானாக. ஆமீன்.