பட்டில் பாயும் குதிரைகள்

தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானி பீர் முஹம்மது அப்பா அவர்கள் தறி நெய்து வாழ்ந்தார்கள் என்பது நாஞ்சில் நாட்டு வழக்கு. வடசேரியிலும் இரணியலிலும் தறியோசை கேட்டவர்களுக்கு, துணியில் ஓர் உருவத்தை நெய்தெடுப்பதன் அருமை தெரியும். அத்தகைய ஓர் உருவத்தின் வரலாற்றையும், அதன்பால் இஸ்லாம் கொண்ட நோக்கையும் இங்கு ஆராய விழைகிறோம்.

ஜப்பானின் நாரா பகுதியிலுள்ள ஹோர்யூஜி பௌத்த ஆலயத்தில் பழைய பட்டு ஒன்று பேணப்படுகிறது. முத்துகள் கோத்தாற்போன்ற வட்டத்தினுள் குதிரைவீரர் நால்வர் பின்புறம் திரும்பிச் சிங்கங்கள்மீது அம்பெய்கின்றனர். அவர்களுடைய மணிமுடி பாரசீகச் சாசானிய மன்னர்களுடையதை ஒத்தது. குதிரைகளின் உடலிலோ சீன எழுத்துகள், தோளில் சிறகுகள். தாங் அரசர் காலத்தில் சீனத்தில் நெய்யப்பெற்றது இது என்பர் ஆய்வாளர்.

ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் புனித குனிபெர்ட் தேவாலயத்துப் பட்டிலும் குதிரைமீது வில்லேந்திய வேட்டைக்காரரைக் காண்கிறோம். அவரைச் சாசானிய மன்னர் பஹ்ராம் கோர் (ஆட்சி 420-438) என அடையாளம் காண்கின்றனர். ஹீரா நாட்டு அரபு மன்னரிடம் வளர்ந்த இவர், ஒரே அம்பால் சிங்கத்தையும் காட்டுக்கழுதையையும் துளைத்ததை இமாம் தபரீ (மறைவு ஹிஜ்ரி 310) தம் வரலாற்றில் எழுதியுள்ளார்கள்.

இப்பட்டுகளில் வீரர்கள் பெரும்பாலும் இருவர் இருவராக, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் எதிரெதிரே நிற்பதற்குத் தறியே காரணம். உதவியாள் இழுக்கும் ஒரே கயிறு, வலப்பாதியிலும் இடப்பாதியிலும் உள்ள பாவு நூல்களை ஒருங்கே தூக்கும். ஆகவே பாதி உருவத்துக்குக் கயிறு கட்டினால் முழு உருவமும் கிடைத்துவிடும்.

இனி, சிறகுள்ள குதிரைகள் நம்மை மதீனாவுக்கு அழைத்துச் செல்கின்றன. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாயிலில் சிறகுள்ள குதிரைகள் பொறித்த திரை தொங்கியது. அதை அகற்றுமாறு பணித்தார்கள் என ஸஹீஹ் முஸ்லிம் அறிவிக்கிறது. உருவத் திரையைக் கிழித்து அன்னையார் தலையணையாக்கிய செய்தியும் ஹதீஸ்களில் உண்டு. அத்திரை எங்கு நெய்யப்பெற்றது என்பதன்று இங்கு நம் கவனத்துக்குரியது. துணி வீணாக்கப்படவில்லை, உயரத்தில் மதிப்புடன் தொங்கியது கீழிறங்கிப் பயன்பொருளாயிற்று. இமாம் நவவீ (மறைவு ஹிஜ்ரி 676) அவர்களும் தம் முஸ்லிம் விரிவுரையில், தொங்கவிடும் உருவத்தையும் மிதிபடும் விரிப்பிலுள்ள உருவத்தையும் வேறுபடுத்தியே சட்டம் உரைக்கிறார்கள்.

அரசவைகள் இவ்வரம்பை எப்போதும் பேணினவென்று நாம் சொல்லோம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள பட்டொன்றில் யானைகளும் உண்டு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டுக் குராசான் தளபதி ஒருவருக்கு வாழ்த்துக்கூறும் கூஃபி எழுத்தும் உண்டு. அதுவே பின்னர்ப் பிரான்சில் ஒரு கிறித்தவப் புனிதரின் எலும்புகளைப் போர்த்தியது. ஆயினும் 'திராஸ்' எனும் எழுத்துக்கரைத் துணிகளே கலீஃபாக்கள் காலத்தின் தனிச்சிறப்பாயின. மன்னனின் உருவம் நின்ற இடத்தில் இறைவனின் திருநாமமும் ஆட்சியாளரின் பெயரும் நெய்யப்பெற்றன.

இஸ்லாம் கலையை அழித்தது என்போரும், சட்டநூல்களில் கலைக்கு இடமே இல்லை என்போரும் அன்னையாரின் தலையணையைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். அன்று விலக்கப்பட்டது நெய்தவரின் கைத்திறன் அன்று. அவ்வுருவத்துக்கு நாம் அளித்த உயர்ந்த இடமே.