அரசங்கிளையும் எச்சிலும் ஒரே ஆணையில்

2015இல் திருத்தந்தை பிரான்சிஸின் 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் வந்த பிறகு, இயற்கையை மையமாகக் கொண்ட கிறிஸ்தவ ஆன்மிகம் பற்றி நம் தோழர்கள் பலரும் பேசுகிறார்கள். மரம், மண், நீர் எல்லாம் வழிபாட்டுக்குள் வரட்டும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் புதுச்சேரியில் இது 300 ஆண்டு பழைய வழக்கு. அதைப் படித்துவிட்டுப் பேசுவோம்.

ராபர்ட் தெ நோபிலி மதுரையில் தொடங்கிய வழியில், இயேசு சபையினர் மதம் மாறியவர்களின் சாதி வழக்கங்களை 'வெறும் சமூகப் பழக்கம்' என்று சொல்லி அனுமதித்து வந்தார்கள். இதை விசாரிக்க ரோம் அனுப்பிய தூதர் தெ தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்திறங்கினார். 1704 ஜூன் 23 அன்று ஆணை பிறப்பித்தார். திருமணத்தில் அரசங்கிளை கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது, சாணத்தைச் சுட்ட சாம்பலைப் பூசக் கூடாது, சடங்கு முறையில் நீராடக் கூடாது. எல்லாம் மூடநம்பிக்கையாம். (திருநீற்றுப் புதனில் குருத்தோலையை எரித்து நெற்றியில் வைத்தால் மட்டும் அது விசுவாசம்!)

இதோடு நிறுத்திக்கொண்டால் இது வெள்ளைக்காரத் திமிரின் கதை. ஆனால் அதே ஆணையில் வேறு சில கட்டளைகளும் உண்டு. திருமுழுக்கில் குருவின் எச்சிலைத் தொட்டு வைக்கும் சடங்கை விடக் கூடாது. மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களை ஒப்புரவு அருட்சாதனத்திலிருந்து விலக்கக் கூடாது. நோயுற்ற பறையரின் வீட்டுக்குள்ளேயே போய் அருட்சாதனம் வழங்க வேண்டும்.

இயேசு சபையினர் கடுமையாக முட்டி நின்ற இடங்களில் எச்சிலும் பறையர் வீடும் முக்கியமானவை. வாதம் 40 ஆண்டு நீண்டது. 1744இல் 14ஆம் பெனடிக்ட் தீர்ப்புச் சொன்னார். எச்சிலுக்குப் பத்தாண்டு விலக்கு. பறையருக்குத் தனிக் குருக்கள். தீட்டு ஜெயித்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அடுத்த ஆண்டே, 1745இல், ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் சம்பாக் கோயில் சுவரைப் பற்றி எழுதுகிறார். கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர். ஒருபுறம் பறையர், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். பறையர்கள் குருவிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக்காரர்கள் கொதித்தார்கள். கேட்டவர்களின் பெயர்களைப் பிள்ளைவாள் எழுதி வைக்கவில்லை.

ஆக, 'இயற்கை' என்று நாம் சொல்லும்போது எந்த இயற்கை? எச்சிலும் மாதவிடாயும் இயற்கை இல்லையா? அரசமரத்தைத் திருப்பலிக்குள் கொண்டுவருவது சுலபம். அந்த மரத்தடி மேடையில் யார் உட்காரலாம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. வில்லியனூர் லூர்து மாதா கோயில் குளத்தில் பிரான்சின் லூர்து ஊற்று நீரைக் கலக்கிறார்கள். நீர் இப்போது புனிதம். ஆனால் மண்? புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கத்தோலிக்கருக்குத் தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனிப் பாதை. 2008 மார்ச்சில் அங்கே கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

வேறு வழி காட்டியவர் ஒருவர் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம் 'பரட்டை அண்ணன்', 2005இல் மறைந்தார். பறையும் நாட்டுப்புற மெட்டுமாக வழிபாட்டை அமைத்தவர், நற்கருணையை 'ஒரு உலை' என்றார். அரிசி, தண்ணீர், நெருப்பு, எல்லோருக்கும் ஒரே பானை. அங்கே எச்சிலுக்கு யாரும் விலக்குக் கேட்க முடியாது.