பற்கூச்சமும் அடுப்புக்கரியும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழர், ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கங்களுள் பல் விளக்கும் முறையும் ஒன்று. ஊரில் அது வேப்பங்குச்சியும் உமிக்கரியுமாக இருந்தது. தோட்டத்திலோ நெல் விளையவில்லை. அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் தீட்டப்பட்டே வந்தது. உமிக்கு எங்கே போவது? லயத்து அடுப்பில் எரிந்த விறகின் கரியே உப்புடன் சேர்ந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. செங்கற்பொடியால் தேய்த்தோரும் உண்டு. (செங்கற்சூளைகளாலேயே பிரிக்பீல்ட்ஸ் பெயர் பெற்றது என்பதை இங்கு நினைவுகூரலாம்.)

பல் வெளுத்தது, கூச்சமும் உடன் வந்தது. பழி பெரும்பாலும் குளிர்ந்த நீர் மீதும் புளி மீதும் விழுந்தது. குளிர் கூச்சத்தைத் தூண்டும். புளிப்பு பல்லின் மேற்பரப்பைச் சற்று இளக்கவும் செய்யும். ஆயினும் மூலகாரணம் தேய்மானமே. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோ அளவையில் பல்லின் மேலுறையாகிய எனாமல் ஏறத்தாழ 5. செங்கல்லில் கலந்துள்ள மணலாகிய குவார்ட்ஸ் 7. அன்றாடம் விரலால் அழுத்தித் தேய்த்தால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

எனாமல் தேய்ந்தாலும், ஈறு இறங்கி வேர் வெளிப்பட்டாலும், உள்ளிருக்கும் டென்டைன் என்னும் மஞ்சள் நிறப் பகுதி வெளியே வந்துவிடுகிறது. அதில் சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் நுண்குழாய்கள் உள்ளன. 17-ஆம் நூற்றாண்டிலேயே ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தம் உருப்பெருக்கியில் அவற்றைக் கண்டார். ஆனால் குழாய்க்கும் வலிக்கும் உள்ள தொடர்பு விளங்க நெடுங்காலம் ஆயிற்று. குழாய்க்குள் உள்ள நீர்மம் அசைவதே வலிக்குக் காரணம் என்று 1900-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் கைசி கூறினார். 1960-களில் சுவீடனின் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் அதனைச் சோதனைகளால் நிலைநாட்டினார். குளிர் பட்டதும், இனிப்பு ஒட்டியதும் நீர்மம் வெளிப்புறமாக நகர்கிறது. அந்த இழுப்பைப் பற்கூழின் நரம்பு உணர்கிறது.

அங்ஙனமாயின், ஆயுள் முழுதும் கரி தேய்த்த முதியோர் சிலர் கூச்சமின்றிக் கரும்பு கடித்தது எவ்வாறு? பல் மெல்லத் தேயுமிடத்து, பற்கூழ் உட்புறத்தில் புதிய டென்டைனைப் படியவைக்கிறது. குழாய்களும் தாதுப்பொருளால் அடைபடுகின்றன. முரட்டுத் தேய்ப்பில் அதற்கு அவகாசம் இல்லை.

வெடியுப்பு கூச்சத்தைத் தணிக்கும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் மில்டன் ஹோடோஷ் 1974-இல் எழுதினார். வெடிமருந்தில் சேரும் அதே உப்பு இன்று பற்பசையிலும் சேர்கிறது! அதிலுள்ள பொட்டாசியம் நரம்பின் துடிப்பை அடக்குகிறது. சில வாரம் விடாமல் பயன்படுத்தினால்தான் பலன் தெரியும். இழந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. குளிர் நீங்கிய பின்னும் நெடுநேரம் நீடிக்கும் வலியோ வேறு வகையைச் சேர்ந்தது. அது பற்கூழ் அழற்சியாக இருக்கக்கூடும். பற்பசையை நம்பி நாளைக் கடத்தினால் பல்லே போய்விடும்.