சபையில் பிறந்து ஏட்டில் வளர்ந்த வைத்தியம்

1905ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பாஸ்டன் நகரத்து மாஸச்சூஸெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஜோஸப் பிராட் என்னும் வைத்தியர், ஆரோக்கிய விடுதிகளுக்குப் போய்த் தங்க வசதியற்ற ஏழை க்ஷயரோகிகளை வாரந்தோறும் ஓரிடத்தில் கூட்டி, அவர்களுடைய எடையைப் பார்த்து, அவரவர் எழுதி வந்த தினசரிக் குறிப்பைப் படித்து, ஓய்வும் தூய காற்றும் போஷாக்குள்ள ஆகாரமும் கொள்ளும் முறையைப் போதிக்கத் தொடங்கியபோது, தாம் மனோவைத்தியத்தில் ஒரு புதிய கிளைக்கு வித்திடுவதாக அவர் நினைக்கவில்லை. இம்மானுவேல் தேவாலயம் பொருளுதவி செய்தது. வகுப்பில் 25 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பது நியதி. வெவ்வேறு குலத்தினரும் மதத்தினருமான அந்த நோயாளிகள், ஒரே வியாதி என்ற பந்தத்தால் ஒருவருக்கொருவர் உற்றாராகி, ஒருவன் எடை கூடினால் மற்றவர்களும் நம்பிக்கை பெறுவதை அவர் கண்டார். கண்டதை 1907இல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். ஏழைகளின் இல்லங்களில் க்ஷயத்தைத் தீர்க்கும் வகுப்பு முறை என்பதே அக்கட்டுரையின் விஷயம். தலைப்பில் மனம் என்ற பேச்சே கிடையாது. இருப்பினும், குழு மனோசிகிச்சையின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். நோயாளிகளை ஒன்றாக உட்காரவைத்துப் பேசிய வைத்தியர்கள் அவருக்கு முன்னும் இருந்திருக்கக் கூடும். ஆனால் கூட்டம் கலைந்ததும் பேச்சும் காற்றோடு போய்விடுகிற இத்தொழிலில், எழுதியவரே முன்னோராகிறார். இந்த வைத்தியம் நிலைபெற்றதற்கு அதன் பலனைப் போலவே அதன் பிரசுரங்களும் காரணம் என்பது என் துணிபு.

முதல் கால் நூற்றாண்டில் அப்பிரசுரங்கள் ஒன்றையொன்று அறியாமல் சிதறிக் கிடந்தன. வாஷிங்டனில் மனநோயாளிகளுக்குக் கூட்டாகப் பிரசங்கம் செய்த எட்வர்ட் லஸெல் 1921இல் உளப்பகுப்பு ஏடொன்றில் எழுதினார்; பாதிரியாராயிருந்து பின்பு வைத்தியரான கோடி மார்ஷ் 1931இல் மனநல ஏடொன்றில் எழுதினார். அமெரிக்க உளப்பகுப்புச் சங்கத்துக்கே ஒருகாலத்தில் தலைவராயிருந்த ட்ரைகண்ட் பரோ, வைத்தியனும் நோயாளியும் ஒரே குழுவில் சமமாக அமர்ந்து தம்மை ஆராய வேண்டும் என்ற கொள்கையை 1920களில் கட்டுரை கட்டுரையாக வெளியிட்டு, கடைசியில் அச்சங்கத்தின் அங்கத்துவத்தையே இழந்தார். அவருக்குச் செய்யப்பட்டது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். அவர் கூறியவற்றில் பல பிற்காலத்தில் மற்றவர்கள் பெயரால் பொதுச் சொத்தாயின.

இத்துறைக்கென்று தனி ஏடுகள் தோன்றியதற்கு இருவருடைய போட்டியே பெரிதும் உதவியது. புக்காரெஸ்டில் பிறந்து வியன்னாவில் வைத்தியம் பயின்று 1925இல் அமெரிக்கா சேர்ந்த ஜேக்கப் மொரேனோ, ஸிங் ஸிங் சிறைக்கைதிகளைக் குழுக்களாகப் பிரிப்பது பற்றி 1932இல் அறிக்கை வெளியிட்டவர்; ஹட்ஸன் நதிக்கரையில் பீக்கன் என்னும் ஊரில் மருத்துவமனையும் நாடக மேடையும் அமைத்ததோடு, தமக்கென்று பதிப்பகம் ஒன்றையும் ஏற்படுத்திக்கொண்டார். மற்றவர் ஸாமுவேல் ஸ்லாவ்ஸன். எஞ்சினியராயிருந்து, நியூயார்க்கில் குழந்தைகளுக்குக் குழுமுறையில் சிகிச்சை செய்யத் தொடங்கியவர். 1942ஆம் ஆண்டிலேயே இருவரும் தனித்தனிச் சங்கம் கண்டனர். மொரேனோ 1947இல் தொடங்கிய சஞ்சிகை சில ஆண்டுகளில் குழு மனோசிகிச்சை என்றே பெயர் மாறியது. ஸ்லாவ்ஸனை ஆசிரியராகக் கொண்ட சர்வதேசச் சஞ்சிகை 1951இல் வெளிவந்தது. முதன்மை யாருக்கு என்ற வழக்கில் நமக்குச் சிரத்தை வேண்டியதில்லை. எழுதுகிறவனுக்கு இரண்டு கதவுகள் திறந்தன என்பதே முக்கியம்.

இங்கிலாந்தின் கதை இன்னும் உருக்கமானது. பர்மிங்ஹாம் அருகே நார்த்ஃபீல்ட் ராணுவ மருத்துவமனையில், யுத்தத்தில் மனமுடைந்த சிப்பாய்கள் தங்கியிருந்த பயிற்சிப் பிரிவின் பொறுப்பை ஏற்ற வில்ஃப்ரெட் பியான், தமக்கு ஆசானாயிருந்த ஜான் ரிக்மனோடு சேர்ந்து, அங்கு நிலவிய ஒழுங்கீனத்தையே பொதுச் சத்துருவாக நிறுத்தி, அதை ஆராய்ந்து வெல்லும் பொறுப்பைச் சிப்பாய்களிடமே ஒப்படைத்தார். ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு குழுவில் சேரவேண்டும், தினந்தோறும் எல்லோரும் கூடி நடப்பதைக் கவனிக்கவேண்டும் என்பவை அவர் விதித்த சில விதிகள். ஆறு வாரங்களில் அம்முயற்சிக்கு மேலிடம் முற்றுப்புள்ளி வைத்து இருவரையும் இடம் மாற்றியது. ஆனால் 1943 நவம்பரில் 'லான்செட்' ஏடு அவர்களுடைய கட்டுரையைச் சில பக்கங்களில் வெளியிட்டது. ஆறு வாரம் நடந்த காரியம் இன்றளவும் வாசிக்கப்படுகிறது. அதே மருத்துவமனையில் அவர்களைத் தொடர்ந்து உழைத்த ஃபூக்ஸ், டாம் மெயின் முதலானோரின் அனுபவங்களுக்கு, 1946இல் கடல் கடந்து கான்ஸஸ் மாநிலத்து மெனிங்கர் மருத்துவமனையின் ஏடு ஓர் இதழை ஒதுக்கியது. மருத்துவமனை முழுவதுமே வைத்தியம் செய்யும் சமூகமாக அமைய வேண்டும் என்ற மெயினின் கருத்து அவ்விதழின் வாயிலாகவே உலகெங்கும் பரவியது.

ஆனால் குழு வைத்தியத்தில் நடப்பதை எழுதுவது எளிதன்று. தனி நோயாளியின் விருத்தாந்தத்தைப் பெயரும் ஊரும் மாற்றி எழுதிவிடலாம். எட்டுப் பேர் கூடிய அறையில் நடந்ததை எழுதினாலோ, வெளியார் அறியாவிட்டாலும் அந்த எட்டுப் பேரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். மேலும், ஒரே க்ஷணத்தில் பலர் பேசியும் சிலர் மௌனமாயிருந்தும் விளைவதை, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வாக்கியங்களில் எவ்வாறு அடக்குவது? பியான் 1948 முதல் 1951 வரை டாவிஸ்டாக் ஸ்தாபனத்தார் நடத்திய ஏட்டில் எழுதிய கட்டுரைகளில், குழு தம்மிடம் எதிர்பார்த்த தலைமையைத் தாம் தராமல் இருந்தபோது எழுந்த சங்கடத்தையும் தம் குழப்பத்தையும் ஒளிக்காமல் வைத்தார். 1961இல் நூலாகத் தொகுக்கப்பட்ட அவற்றைப் படிக்கையில், ஒரு வைத்தியர் இத்துணை நேர்மையாக எழுத முடியுமா என்று வியப்புண்டாகிறது.

எழுத்துக்கள் பெருகியதன் பயன் 1955இல் தெளிவாயிற்று. ரேமண்ட் கார்ஸினியும் பீனா ரோஸன்பெர்க்கும் சுமார் 300 கட்டுரைகளை வாசித்து, குணமளிப்பது எது என்று ஆசிரியர்கள் கூறியவற்றையெல்லாம் திரட்டி, அவற்றை 9 அம்சங்களாக வகுத்தனர்: பிறரால் ஏற்கப்படுதல், பிறருக்கு உதவுதல், தன் துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்று உணர்தல் என்பன அவற்றுட் சில. பிராட் தம் வகுப்பில் கண்ட நம்பிக்கையும் பந்தமும் இவற்றில் மறுபடி முகம் காட்டுகின்றன. 1970இல் வெளிவந்து உலகெங்கும் பாடநூலான இர்வின் யாலமின் நூலும் இத்தகைய தொகுப்பை ஆதாரமாகக் கொண்டே எழுந்தது.

நார்த்ஃபீல்டில் உழைத்த ஃபூக்ஸ் எழுத்துக்காகச் செய்த காரியம் ஒன்றும் உண்டு. 1948இல் ஒரு நூலும், 1957இல் ஆந்தனி என்பவரோடு சேர்ந்து பொதுவாசகருக்கென்று மலிவான பெலிக்கன் பதிப்பில் மற்றொரு நூலும் வெளியிட்ட அவர், 1967இல் தொடங்கிய ஏட்டைக் கடிதப் பரிமாற்றமாகவே அமைத்தார். பல தேசத்து வைத்தியர்கள் அதில் தம் அனுபவத்தையும் ஐயத்தையும் எழுதினார்கள். அவற்றுக்கு மற்றவர்கள் மறுமொழி எழுதினார்கள். 1976இல் தம் சகாக்களோடு அமர்ந்து ஒரு குழுவை நடத்திக்கொண்டிருக்கையிலேயே அவர் காலமானார். அக்கடித ஏடு பின்னர் முறையான சஞ்சிகையாகி இன்றும் வெளிவருகிறது.