ஷா ஆலம் வெள்ளமும் வடதுருவப் பனியும்

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளம் மூழ்கியதும் குடும்பங்கள் மாடிக்கு ஏறின. சிலர் கூரைமேல் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தபின் வீட்டு வாசல்தோறும் சேறு அப்பிய மெத்தைகளும் சோபாக்களும் அலமாரிகளும் குவிந்து கிடந்தன. அந்த மழைக்காலத்தில் மலேசியா முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பு சுமார் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

ஷா ஆலமும் கோலாலம்பூரும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வெள்ளம் புதிதல்ல. 1926 டிசம்பரில் கோலாலம்பூர் மூழ்கியது. 1971 ஜனவரியில் மறுபடியும் மூழ்கி, அங்கு மட்டும் 32 பேர் மாண்டனர். இரண்டுமே வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வந்தவை.

அந்தக் காற்றின் பிறப்பிடம் சைபீரியா. குளிர்காலத்தில் அங்கே கனத்த குளிர்காற்று திரண்டு, அவ்வப்போது தெற்கே பாய்கிறது. தென்சீனக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் கொட்டுகிறது. மேற்கே, ஷா ஆலம் அமைந்திருக்கும் சிலாங்கூரைத் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் காத்துவிடும். 2021இல் பகாங் கரையில் ஏறிய காற்றழுத்தத் தாழ்வு மேற்கே நகர்ந்து வந்ததால் அந்தக் காப்பு பலிக்கவில்லை. இந்தக் குளிர்காற்றின் வலுவுக்கு வாமெய் புயலே சாட்சி: புயலே உருவாகாது என்று கருதப்பட்ட நிலநடுக்கோட்டருகே, சுமார் 1.5 பாகை வடக்கில், 2001 டிசம்பரில் அது உருவாகி ஜொகூரைத் தாக்கியது.

சைபீரியாவுக்கு வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள காரா, பேரன்ட்ஸ் கடல்களில் பனி சுருங்கிவருகிறது. 1979 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவரும் ஆர்க்டிக் கடற்பனியின் செப்டம்பர் பரப்பு, பத்தாண்டுக்குச் சுமார் 12 விழுக்காடு வீதம் குறைந்திருக்கிறது. திறந்த கடல் வெளிவிடும் வெப்பம் மேலடுக்குக் காற்றோட்டத்தை நெளியச் செய்து, நடு அட்சரேகை நாடுகளுக்குக் கடுங்குளிரைத் தள்ளக்கூடும் என்று ஜெனிபர் பிரான்சிசும் ஸ்டீபன் வாவ்ரஸும் 2012இல் எழுதினர். பின்வந்த கணினி மாதிரிகள் பலவற்றில் அந்த விளைவு மிகச் சிறியதாகவே தென்பட்டது. வாதம் இன்னும் தீரவில்லை. ஆகவே, சைபீரியக் குளிர்காற்று இதனால்தான் வலுத்தது என்றும் ஸ்ரீ மூடா வெள்ளத்துக்கு ஆர்க்டிக்கே காரணம் என்றும் அடித்துச் சொல்வது தவறு. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரம் தாங்கும் என்பதோ உறுதியான இயற்பியல்.

மண்ணின் கதையில் இத்தகைய ஐயம் இல்லை. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம், நகராவதற்கு முன் தோட்டக்காடு. தமிழர்கள் பால்மரம் வெட்டிய நிலம் அது. மழையை உறிஞ்சிய அந்த மண்ணை இன்று தாரும் சிமெண்டும் மூடியிருக்கின்றன. ஸ்ரீ மூடாவோ கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி. வடதுருவ வாதம் முடியட்டும் என்று அங்குள்ளவர்கள் காத்திருக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறப்பதற்குள் நீர்க்கதவுகளையும் பம்புகளையும் சோதித்துவிட வேண்டும். குடியிருப்பாளர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.