குறியாக்கத்தின் வழி: இணையத் தமிழில் ஒத்துழைப்பும் உலகமயமும்

தொழில்நுட்பம் உலகைச் சுருக்கியது; சுருங்கிய உலகில் மக்கள் கூடி உழைக்கத் தொடங்கினார்கள் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உலகமயமாதலையும் ஒத்துழைப்பையும் ஒரே நிகழ்வின் இரு பெயர்களாகக் கொள்ளும் பார்வை இது. கணினித் தமிழின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை. இணைப்பு வந்த பிறகும் தமிழர்களால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியவில்லை. அந்த இடரைக் களையும் முயற்சியில்தான் கூட்டுழைப்பு பிறந்தது. இறுதியில் நிலைபெற்ற பொது நியமமோ அக்கூட்டுழைப்பின் விளைவு அன்று.

இடரின் வேர் எண்ணிக்கையில் இருந்தது. எட்டு பிட் குறியாக்கத்தில் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கு. எஞ்சிய இடங்களில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கா. எனவே எழுத்துகளைத் துண்டுகளாக்கி, கொம்பு, கால் என ஒவ்வொன்றையும் ஓரிடத்தில் வைத்தனர். எதை எங்கே வைப்பது என்பதில் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தனி வழி கண்டனர். சுவிட்சர்லாந்தின் லொசானில் வேதியியலாளராக இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கினார்; மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை வளர்த்தார். இதழ்கள் பலவும் தத்தம் எழுத்துருவைப் பதிவிறக்கச் சொல்லி வாசகரை வரவேற்றன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கடிதம் பொருளற்ற குறிகளின் வரிசையாகத் திறந்தது. தேடுபொறிக்கும் அது தமிழாகத் தெரியவில்லை.

இந்நிலையில் மின்னஞ்சல் குழுக்களில் நீண்ட விவாதங்களுக்குப் பின் திஸ்கி என்னும் பொதுக் குறியாக்கம் உருவானது. பல நாடுகளில் பரவியிருந்த ஆர்வலர்கள், ஊதியமோ அரசாணையோ இல்லாமல், எந்தத் துண்டுக்கு எந்த இடம் என்று வாதிட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இந்த மனநிலையின் சிறந்த கனி. ஒருவர் தட்டச்சிட, வேறொரு நாட்டில் இருப்பவர் மெய்ப்புப் பார்க்க, இலக்கிய நூல்கள் விலையின்றி உலகெங்கும் கிடைத்தன. இவர்கள் உழைப்புக்கு நம் கல்வித்துறை செலுத்திய நன்றி மிகக் குறைவு என்றே கருதுகிறேன்.

ஆயினும் உடன்பாடு முழுமை பெறவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஆர்வலர் பலர் திஸ்கியைத் தொடர்ந்தனர். தமிழ்க் கணிமைக்கென 2000இல் சிங்கப்பூரில் உருவான உத்தமம் அமைப்புக்கு இப்பிளவே முதல் பணியாக அமைந்தது எனலாம்.

வழக்கைத் தீர்த்தது மூன்றாவது ஒன்று. உலக எழுத்துமுறைகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமாக 1991இல் முதற்பதிப்பு கண்ட யூனிகோடு, தன் தமிழ்ப் பகுதியை 1988ஆம் ஆண்டின் இந்திய நியமமான இஸ்கியிலிருந்து எடுத்துக்கொண்டது. இந்திய எழுத்துமுறைகளை ஒரே சட்டகத்தில் வைத்த நியமம் அது. அதன் தடயத்தை இன்றும் அட்டவணையில் காணலாம்: க-வுக்கும் ங-வுக்கும் இடையே மூன்று இடங்கள் காலியாக உள்ளன. தேவநாகரியின் க-வருக்கத்துக்கு உரிய, தமிழுக்குத் தேவைப்படாத இடங்கள் அவை. மெய்யெழுத்து தனிக்குறி பெறவில்லை. அகரமேறிய க-வோடு புள்ளியைச் சேர்த்தே 'க்' கிடைக்கிறது. தொல்காப்பிய மரபில் பயின்றவருக்கு இது தலைகீழ் முறை. இதை எதிர்த்து எழுந்த குரல்களில் நியாயம் இருந்தது.

ஆனாலும் யூனிகோடு வென்றது. விண்டோஸ் 2000 தமிழை யூனிகோடு வழியாகத் தன்னுள்ளேயே தந்தபோது, தனி எழுத்துரு நிறுவும் தேவை படிப்படியாக மறைந்தது. திஸ்கியில் 'கெ' என்பது கண்ணுக்குத் தெரிவதுபோல் கொம்பு முன்னும் க பின்னும். யூனிகோடிலோ க முதலில், கொம்பு பிறகு. ஒலிப்பு வரிசையில் அமைந்த இம்முறை தேடலுக்கும் வகைப்படுத்தலுக்கும் வசதியானது. 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு, எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்16 முறையையும் ஏற்றது. இணையம் பின்னதைப் பொருட்படுத்தவில்லை. மொழியியல் நியாயத்தைவிட, இயங்குதளத்தோடு சேர்ந்து வந்த பரவலே தீர்ப்பை எழுதியது.

அப்படியானால் தன்னார்வலர் உழைப்பு வீணா? திஸ்கியில் ஏறிய நூல்களை மென்பொருள் கொண்டு யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. அதைவிட முக்கியம், முகம் அறியாதவரோடு ஒரு நூலைப் பகிர்ந்து செய்யும் பழக்கம் எஞ்சியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் ஈழத்து எழுத்துகளைச் சேமிக்கப் புறப்பட்ட நூலகம் திட்டமும் அதன்மேல் எழுந்தவை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததை அறிந்த சமூகத்துக்கு, ஒரே நூலின் படி பல நாட்டுக் கணினிகளில் இருப்பது வெறும் வசதி ஆகாது. யூனிகோடு இத்திட்டங்களுக்கு எல்லையற்ற வாசகரைத் தந்தது. உழைக்கும் கைகளைத் தந்தது முந்தைய பத்தாண்டு.

உலக நியமத்துக்குள் உள்ளூர் அறிவு நுழைய முடியாது என்றும் முடிவுகட்ட வேண்டியதில்லை. பழைய கணக்கேடுகளிலும் நில ஆவணங்களிலும் வரும் முந்திரி (320இல் ஒரு பங்கு) போன்ற பின்னக் குறிகளுக்கு யூனிகோடின் முதல் தமிழ்ப் பகுதியில் இடமில்லை. சான்றுகளோடு முன்மொழிவுகள் எழுதப்பட்டு, வாதிக்கப்பட்டு, 2019இல் வெளியான 12ஆம் பதிப்பில் 51 குறிகள் கொண்ட துணைப்பகுதி சேர்ந்தது. 1991இல் நம்மைக் கேட்காமல் வரையப்பட்ட அட்டவணை, 28 ஆண்டுகள் கழித்து, ஏடு படிக்கத் தெரிந்தவர்களின் சொல்லைக் கேட்டுத் திருத்தம் பெற்றது.